படம் போய்விடும், பாட்டி போக வேண்டுமே

கண் சிகிச்சை இலவசம் என்று தண்டோரா போட்டுவிட்டால், பார்வை மங்கியவர்கள் எல்லாரும் வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள் என்றுதான் தோன்றும். நிற்கவில்லை. தமிழகக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கெடுத்தே சொன்னது. கண் முகாம் நடந்த பகுதிகளில் கண் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். மருத்துவர்களை ஊருக்கே கூட்டிவந்து, அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்களை வண்டியில் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்ட முகாம்கள் அவை. அப்படியும் மீதித் தொண்ணூற்று மூன்று பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

கட்டணம் இல்லாவிட்டாலும் செலவு உண்டு. கண் தெரியாத பாட்டி தனியாகப் போக முடியாது. மகனோ மருமகளோ கூட வர வேண்டும். வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் வேண்டும். கத்தி வைப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். 'இந்த வயசுக்கு இவ்வளவு தெரிஞ்சா போதும்' என்ற சமாதானம் இன்னொரு பக்கம். இரண்டில் சமாதானம்தான் மிகவும் பிடிவாதமானது. முகாம் வருடத்துக்கு ஒருநாள் வரும், போகும். அன்றைக்குப் பார்த்து வீட்டில் விசேஷம் இருந்தால் அடுத்த வருடம்தான்.

இந்தக் கணக்கு அதிகம் சுட்டது அரவிந்த் கண் மருத்துவமனையைத்தான். முகாம் நடத்துவதில் பேரெடுத்த நிறுவனம் அது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 58-ஆம் வயதில், மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்துக்காரர் அவர். கண்புரை அறுவையை வேகமாக, மலிவாக, ஏராளமாகச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடையை உலகமெங்கும் நிர்வாகவியல் வகுப்புகளில் பாடமாக நடத்துகிறார்கள். ஆனால் வந்தவர்களை நன்றாகக் கவனிப்பதும், வராதவர்களை வரவைப்பதும் இருவேறு வேலைகள். இரண்டாவதற்கு அறுவை அரங்கில் விடை இல்லை.

2004 முதல் அவர்கள் முயன்ற வழி எளிமையானது. முகாம் மாதிரி வந்து போகாமல், ஊரிலேயே நிலையாக ஒரு சின்ன இடம். கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த இரண்டு மூன்று அறைகள். சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 50,000 மக்களுக்கு ஒன்று. பெயர் விஷன் சென்டர், தமிழில் பார்வை மையம். அங்கே மருத்துவர் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கும் வழக்கம் அரவிந்தில் தொடக்கத்திலிருந்தே உண்டு. அப்படிப் பயின்ற ஒரு பெண் அங்கே இருப்பார், பதிவேட்டையும் கண்ணாடிக் கணக்கையும் பார்க்க இன்னொருவர் இருப்பார். மருத்துவர் தேனியிலோ மதுரையிலோ, திரைக்குப் பின்னால்.

"பாட்டி, நாடிய இதுல வைங்க. நெத்திய ஒட்டிக்குங்க. நேரா பாருங்க." பிளவு விளக்குக் கருவி முன்னால் இதைச் சொல்வது அந்தப் பெண்தான். எழுத்துப் பலகை காட்டிப் பார்வையை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, விழித்திரையைப் படமெடுப்பது எல்லாம் அவர் வேலை. குறிப்புகளும் படங்களும் கணினியில் ஏறியதும், மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியிடம் ஓரிரு நிமிடம் பேசுவார். எவ்வளவு நாளாக உறுத்துகிறது, சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா, வீட்டில் யாருக்காவது கண் அழுத்தம் உண்டா என்பார். பிறகு சொட்டு மருந்து, அல்லது கண்ணாடி, அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு. இத்தகைய மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. வருகிறவர்களில் பெரும்பாலோருடைய பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கண்ணுக்கு இது சரிப்பட்டு வருவதற்குக் காரணம் கண்ணிலேயே இருக்கிறது. வயிற்றுவலி என்று வருபவரின் வயிற்றை மருத்துவர் அமுக்கிப் பார்க்க வேண்டும். திரை வழியாக அமுக்க முடியாது. நெஞ்சுச் சளியை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். கண்ணோ தன் நோயின் பெரும்பகுதியைக் காட்சியாகவே வைத்திருக்கிறது. உடம்பை அறுக்காமல் இரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. 1851-இல் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கண்ணோக்கியைக் காட்டியபோது மருத்துவ உலகம் துள்ளியதற்கு அதுதான் காரணம். பார்க்க முடிவதைப் படமெடுக்கலாம், படமெடுத்ததை அனுப்பலாம். எனவே தொலைமருத்துவத்துக்கு வெள்ளோட்டம் விடுவதற்குக் கண்ணைவிடத் தோதான உறுப்பு இல்லை. கண்ணில் வெற்றி பெற்றது என்பதாலேயே எல்லா நோய்க்கும் அப்படியே வரும் என்று சொல்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஆனால் 2004-இல் தேனியைச் சுற்றிய ஊர்களில் படத்தை அனுப்ப வழி ஏது? செல்பேசிக் கோபுரங்கள் குரலைக் கடத்தவே திணறிய காலம். செயற்கைக்கோள் வழி இருந்தது. ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்த தொலைமருத்துவ மையம் செயற்கைக்கோளை நம்பியதுதான். அதன் செலவு ஒரு கடைத்தெரு மையத்துக்குக் கட்டுப்படியாகாது. அப்போது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையிலான கணினி ஆய்வுக் குழு ஒன்று வேறொரு யோசனையோடு வந்தது. வீட்டுக்குள் மடிக்கணினிக்குப் பயன்படும் அதே வைஃபை. சில்லு மலிவு, உரிமக் கட்டணம் இல்லை. ஒரே திசையில் அலையைக் குவிக்கும் ஆன்டெனாவைக் கோபுரத்தில் ஏற்றி, எதிர்முனையிலும் ஒன்றை ஏற்றி, இரண்டையும் நேருக்கு நேர் பார்க்க வைத்தால் பல கிலோமீட்டர் போகும்.

போகும்தான், ஆனால் தகவல் ஒழுங்காகப் போய்ச் சேராது. ஏனென்று பார்த்தால் ஒரு சுவையான இயற்பியல் தகராறு வெளிப்படுகிறது. வைஃபையில் ஒவ்வொரு சிப்பத் தகவலுக்கும் எதிர்முனை 'கிடைத்தது' என்று உடனே பதில் சொல்ல வேண்டும். இத்தனை மைக்ரோ நொடிக்குள் பதில் வராவிட்டால் தொலைந்துபோனதாக எண்ணி அனுப்புநர் மறுபடி அனுப்பும். சில நூறு மீட்டரை மனத்தில் வைத்து வகுத்த விதி இது. வானொலி அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்றேகால் மைக்ரோ நொடிக்குச் சற்று அதிகமாக எடுக்கிறது. 15 கிலோமீட்டர் போய்வர ஏறக்குறைய 100 மைக்ரோ நொடி. பதில் புறப்பட்டு வந்துகொண்டிருக்கும்போதே அனுப்புநர் பொறுமை இழந்து மீண்டும் அனுப்புகிறது. வயலின் அக்கரையில் இருப்பவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் குரல் வந்து சேர்வதற்குள் இன்னொரு முறை கூப்பிடுபவரைப் போல. இரண்டு குரலும் நடுவழியில் மோதிக்கொள்ளும். இது போதாதென்று, யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசு என்ற இன்னொரு விதியும் தூரத்தில் பொய்த்துப்போகிறது. எதிர்முனை பேசத் தொடங்கிவிட்டது என்பது இந்த முனைக்குத் தெரிய நேரமாகும்.

பெர்க்லி குழு வன்பொருளை விட்டுவிட்டு விதியை மாற்றியது. இந்த நேரத் துண்டில் நீ பேசு, அடுத்த துண்டில் நான் பேசுகிறேன் என்று முறை வைத்தார்கள். ஒவ்வொரு சிப்பத்துக்கும் பதில் சொல்லாமல் ஒரு கட்டுக்கு மொத்தமாக ஒரே பதில். வழியில் சிதைவதை ஈடுகட்டக் கொஞ்சம் உபரித் தகவலைச் சேர்த்தே அனுப்பினார்கள். அவ்வளவுதான், தேனி மருத்துவமனையில் இருந்த மருத்துவரால் சுற்றுவட்டார மையங்களில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. இதே உத்தி 2007-இல் வெனிசுவேலாவின் மலைமுகடுகளுக்கு இடையே 382 கிலோமீட்டர் தூரம் வரை சோதித்துப் பார்க்கப்பட்டது.

ஆய்வாளர்களுக்கு இயற்பியலைவிடப் பெரிய தலைவலியாக இருந்தது மின்சாரம். தங்கள் வலையமைப்பு ஏன் அடிக்கடி படுத்துவிடுகிறது என்று ஆராய்ந்து 2008-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மிக நேர்மையானது. சோதனைக்கூடத்தில் ஓடியது, செயல்விளக்கத்தில் ஓடியது, எல்லாரும் கைதட்டிவிட்டுப் போன பிறகு ஓடவில்லை என்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 1000 வோல்ட் அளவுக்குத் திடீர்த் துள்ளல்களைப் பதிவு செய்தார்கள். கருவிகள் எரிந்தன, எரியாதவை அரைகுறை மின்னழுத்தத்தில் எழவும் முடியாமல் அணையவும் முடியாமல் தொங்கின. சேமிப்பு அட்டைகள் கெட்டன. கருவி கெட்டதா கம்பி கழன்றதா என்று சொல்லவும் அருகில் ஆள் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களே பார்த்துச் சரிசெய்யும்படி அமைப்பை எளிமையாக்கிய பிறகுதான் வலையமைப்பு நிலைபெற்றது.

பிறகு அகலப்பட்டை வந்தது, 4ஜி வந்தது. அந்த நெடுந்தூர வைஃபைக்குத் தேவை குறைந்துபோயிற்று. ஒரு பல்கலைக்கழகமே உழைத்து உருவாக்கிய பகுதி பத்தே ஆண்டுகளில் பழையதாகிவிட, நாடியைத் தாங்கியில் வைக்கச் சொல்லும் அந்தப் பெண்ணும் கடைத்தெரு அறையும் மட்டும் மாறாமல் இருக்கிறார்கள். திட்ட அறிக்கைகளில் பாதிப் பக்கத்தைக் கருவிக்கும், ஒரே வரியை அந்தப் பெண்ணின் சம்பளத்துக்கும் ஒதுக்குவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த அறையில் அதிகம் நடக்கும் சிகிச்சை எது என்று பார்த்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: மூக்குக் கண்ணாடி. நாற்பது வயதைக் கடந்தால் விழிவில்லை விறைத்து, கிட்டத்தில் இருப்பது மங்கும். நம்மவர்கள் வெள்ளெழுத்து என்பார்கள். அரிசியில் கல் பொறுக்குவது, ஊசியில் நூல் கோப்பது, பூக் கட்டுவது எல்லாம் தடுமாறும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுபவர்களிடம் நடத்தி 2018-இல் வெளியான சோதனை ஒன்றில், நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களில் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் கொடுக்கப்படாதவர்களைவிட 22 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாக உற்பத்தித்திறன் காட்டினார்கள். அதற்கு மேல் அதில் விளக்க எதுவும் இல்லை.

விளக்க வேண்டியது சர்க்கரை நோயாளியின் விழித்திரை. இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் மிக நுண்ணிய குழாய்கள்தான் முதலில் அடிவாங்கும். குழாய்ச் சுவரைச் சுற்றித் தாங்கிநிற்கும் செல்கள் மடிகின்றன. தாங்கல் போன இடத்தில் சுவர் சிறு குமிழாக உப்புகிறது. விழித்திரைப் படத்தில் அது ஊசிமுனைச் சிவப்புப் புள்ளி. குமிழ் உடைந்தால் இரத்தக் கசிவு. கொழுப்பு கசிந்து படிந்தால் மஞ்சள் திட்டு. நாளாக ஆக, அடைபட்ட குழாய்களால் உயிர்வளி கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லி வேதிச் செய்தி அனுப்புகிறது. புதிய குழாய்கள் வளர்கின்றன, ஆனால் சவலையாக. ஒருநாள் அவை உடைந்து விழிக்குள் இரத்தம் பரவும், அல்லது தழும்பாகச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும். கொடுமை என்னவென்றால், இந்தக் கடைசிக் கட்டத்துக்கு முன்புவரை நோயாளிக்குப் பார்வை நன்றாகவே இருக்கலாம். வலி கிடையாது. 'எனக்குத்தான் நல்லாத் தெரியுதே' என்று சொல்பவரிடம்தான் சிகிச்சைக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. லேசர், விழிக்குள் ஊசிமருந்து என்று நல்ல சிகிச்சைகள் உண்டு. இருப்பதைக் காக்கும், போனதைப் பெரும்பாலும் மீட்காது.

எனவே சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்பது பொது விதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் கொடுத்த கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். கண் மருத்துவர்கள் 25,000 பேர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஆண்டுக்கு 4,000 விழித்திரைச் சோதனை. அதுவும் அறுவை, மருந்து, மற்ற நோயாளிகள் எல்லாம் போக. பெரும்பாலான மருத்துவர்கள் நகரத்தில் வேறு இருக்கிறார்கள். ஆக, முதல் சலித்தெடுப்பை மருத்துவர் செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு நுழைந்தது. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையில் அரவிந்தின் ஆர். கிம், சங்கர நேத்ராலயாவின் ராஜீவ் ராமன் ஆகியோரும் உடன் எழுதியிருந்தார்கள். 1,28,175 விழித்திரைப் படங்களை ஒரு கணிப்பொறி வலைக்குக் காட்டிப் பழக்கினார்கள். சிவப்புப் புள்ளி என்றால் என்ன, மஞ்சள் திட்டு என்றால் என்ன என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. படத்தையும், அந்தப் படத்துக்கு மருத்துவர்கள் கொடுத்த தரத்தையும் மட்டும் கொடுத்தார்கள். தவறாகச் சொல்லும்போதெல்லாம் தன் உள்ளெண்களைச் சிறிது மாற்றிக்கொண்டு அதுவாகவே கற்றது. ஒரே படத்தை மூன்று முதல் ஏழு மருத்துவர்கள் தனித்தனியே தரம் பிரித்தார்கள். காரணம், ஒரே படத்துக்கு இரு நிபுணர்கள் இரு தரம் கொடுப்பது சர்வ சாதாரணம். இயந்திரம் தவறு செய்யுமா என்று கேட்கும் நாம், மருத்துவர்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கேட்பதே இல்லை.

தாள்மேல் கிடைத்த மதிப்பெண் பிரமாதம். 2018 ஏப்ரலில் வேறொரு நிறுவனத்தின் இதே வகை மென்பொருளுக்கு, மருத்துவர் பார்க்காமலே முடிவு சொல்லலாம் என்று அமெரிக்கா அனுமதியும் கொடுத்தது. பிறகு கூகுளின் மென்பொருள் தாய்லாந்தின் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 மருத்துவ நிலையங்களுக்குப் போனது. அங்கே பழைய முறையில் படம் நிபுணரிடம் போய் முடிவு திரும்பப் பத்து வாரம் வரைகூட ஆகும். இயந்திரம் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடும் என்றார்கள். நடந்தது என்ன என்பதை 2020-இல் கூகுளின் சொந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். முதல் ஆறு மாதத்தில் அனுப்பிய 1,838 படங்களில் 21 விழுக்காட்டை, தெளிவில்லை என்று மென்பொருள் திருப்பி அனுப்பிவிட்டது. படமெடுக்கும்போது கண்மணி விரிய அறை இருட்டாக இருக்க வேண்டும். பல நிலையங்களில் தனி இருட்டறையே இல்லை. வெளிச்சமான கூடத்தில் வைத்து எடுத்தார்கள். லேசாக மங்கிய படத்தில் நோயே இல்லை என்று செவிலியருக்குக் கண்ணாலேயே தெரிகிறது, ஆனால் இயந்திரம் ஒத்துக்கொள்வதில்லை. விதிப்படி அந்த நோயாளி இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வேறு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். இணைய வேகம் குறைந்த நாட்களில் காலை ஆறு மணிக்கே வந்தவர்கள் காத்துக்கிடந்தார்கள். பயணத்தைக் குறைக்க வந்த கருவி புதிய பயணத்தை உண்டாக்கியது.

தமிழ்நாட்டில் கதை இன்னும் நன்றாகவே போயிருக்கிறது. ஆனால் நிதானமாக. 2019-இல் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் வெளியாயின. இயந்திரம் அங்கிருந்த மனிதத் தரக்கணிப்பாளர்களுக்கு இணையாகவோ மேலாகவோ நின்றது. பின்னர் 45 இடங்களில், பார்வை மையங்களையும் சேர்த்து, சுமார் 6 லட்சம் பேரின் விழித்திரையை அது பார்த்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் படங்களை நிபுணர்கள் மறுபடி சரிபார்த்து 2025-இல் வெளியிட்டார்கள். ஆபத்தான கட்டத்தில் இருப்பவர்களில் 97 விழுக்காட்டினரை அது பிடித்திருந்தது; அப்படி இல்லாதவர்களில் 96 விழுக்காட்டுக்குச் சற்று மேலானோரைச் சரியாக விலக்கியிருந்தது.

இந்த இரண்டு விழுக்காடும் மனத்தில் பதிவதில்லை. ஆட்களாக மாற்றிப் பார்ப்போம். இந்தியா முழுக்க நடத்தி 2022-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் பார்வைக்கு ஆபத்தான விழித்திரை நோய் நூற்றுக்கு நான்கு பேருக்கு. கணக்குக்காக ஆயிரம் பேர் ஒரு மையத்துக்கு வருகிறார்கள் என்று கொள்வோம். ஆபத்தில் இருப்பவர் 40 பேர். இயந்திரம் 39 பேரைப் பிடிக்கும், ஒருவரைத் தவறவிடும். மீதி 960 பேரில் 35 பேரையும் தேவையில்லாமல் பயமுறுத்தும். மொத்தம் 74 பேரை ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறது. அவர்களில் சரிபாதிக்கும் சற்று மேலானவர்களுக்கே உண்மையில் சிகிச்சை வேண்டும். குறையாகத் தெரிந்தால், இன்னொரு பக்கமும் பாருங்கள். ஆயிரம் பேர் பேருந்தேற வேண்டிய இடத்தில் 74 பேர் ஏறினால் போதும் என்கிறது. வீணாகப் போய்வரும் 35 பேர் அந்தச் சேமிப்புக்கு நாம் கொடுக்கும் விலை. தவறவிட்ட ஒருவர்தான் உறுத்துகிறார். அடுத்த ஆண்டு அவர் திரும்ப வந்தால் பிடித்துவிடலாம்.

வந்தால். எல்லாம் இந்தச் சொல்லில்தான் தொக்கி நிற்கிறது. படம் போய்விடும், லேசர் வைத்துக்கொள்ளப் பாட்டி போக வேண்டும். ஊரில் கண்டுபிடித்து, உடனே சொல்லி, சீட்டும் எழுதிக் கொடுத்த பிறகும், 1999 ஆய்வு காட்டிய அதே கூலியும் அதே துணையாளும் அதே பயமும் மதுரைக்குப் போகும் பேருந்தின் படிக்கட்டில் காத்திருக்கின்றன. கண்டறிவதை மலிவாக்கிவிட்டோம், நெருக்கடி ஒரு படி தள்ளிப்போயிருக்கிறது.

அந்த அடுத்த படியில் என்ன செய்யலாம் என்பதற்கு நான் அறிந்த நல்ல சான்று கென்யாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் கண் மருத்துவர் ஆண்ட்ரூ பஸ்தாவ்ரஸ் உருவாக்கிய 'பீக்' என்ற செல்பேசிச் செயலியை, டிரான்ஸ் நசோயா மாவட்டத்தின் 50 பள்ளிகளில் சோதித்தார்கள். ஆசிரியர்களே பிள்ளைகளின் பார்வையை அளந்தார்கள். ஒரு பிரிவுப் பள்ளிகளில் வழக்கமான எழுத்துப் பலகை, ஒரு கடிதம். மற்றொரு பிரிவில் செல்பேசி. உங்கள் பிள்ளைக்கு உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று மங்கலாக்கிய ஒரு படம் அச்சாகிப் பெற்றோரிடம் போனது. மருத்துவமனைக்கு வரச் சொல்லிக் குறுஞ்செய்திகள் தொடர்ந்தன. கடிதம் போன பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் மருத்துவமனைக்கு வந்தார்கள். படமும் குறுஞ்செய்தியும் போன இடங்களில் 54 விழுக்காடு. நோயைக் கண்டுபிடிப்பதில் எந்த மந்திரமும் இல்லை. வரவில்லையே என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. அப்படியும் பாதிக்குச் சற்றுக் குறைந்தவர்கள் வரவில்லை என்பதையும் மறக்கலாகாது.

மருத்துவரை நேராகச் செல்பேசிக்கே கொண்டுவந்துவிடலாமே என்ற வழியும் இங்கே உண்டு. கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ நெறிமுறைகளை ஒன்றிய அரசு வெளியிட்டது. அடுத்த சில வாரங்களில் இ-சஞ்ஜீவனி சேவையில் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசும் வசதி வந்தது. நல்ல காரியம். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தாமே பயன்படுத்தும் செல்பேசி தம்மிடம் உண்டு என்று சொன்ன இந்தியப் பெண்கள் 54 விழுக்காடுதான். கிராமங்களில் அதற்கும் குறைவு. வீட்டில் இருக்கும் ஒரே போன் மகன் சட்டைப்பையில் வெளியூர் போயிருந்தால், அம்மாவுக்கு மருத்துவரும் வெளியூரில்தான். நேரடிச் சேவையோடு, துணைமையத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் உடனிருந்து இணைத்துவிடும் முறையும் இ-சஞ்ஜீவனியில் இருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவதில்தான் நம்பிக்கை. அது பார்வை மையத்தின் அதே அமைப்பு: இந்தப் பக்கம் பயிற்சி பெற்ற ஒருவர், அந்தப் பக்கம் மருத்துவர், நடுவில் கம்பி.

தமிழ்நாட்டில் அந்த 'இந்தப் பக்கத்து ஆள்' இப்போது வீட்டு வாசல்வரை வருகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர், யாருக்குத் துணைக்கு ஆளில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆண்டுக்கொருமுறை விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டியவர்களின் பட்டியல், அவர்கள் பையில் இருக்கும் மாத்திரைப் பட்டியலேதான். செல்பேசியோடு பொருத்திக் கையில் பிடித்து எடுக்கும் விழித்திரைக் கேமராக்களும் வந்துவிட்டன. மாத்திரை கொடுக்கும்போதே 'போன வருசம் எப்பக்கா கண்ணுல படம் எடுத்தீங்க?' என்று ஒரு கேள்வி. ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கியவர் போனாரா இல்லையா என்று அடுத்த மாதம் இன்னொரு கேள்வி. போகாதவர்களைச் சேர்த்து ஏற்றிப்போக மாதம் ஒருநாள் ஒரு வேன். முகாம் காலத்திலேயே அரவிந்த் ஓட்டிய வேன்தான் அது. அன்றைக்கு அதில் யாரை ஏற்றுவது என்று யாருக்கும் தெரியாது. இன்று பெயரும் தெருவும் தெரியும்.